சருகுத் தோலின் காவல்

நிலாவெளியிலிருந்து குச்சவெளிப் பக்கம் போனால் கடலோர மணலிலேயே வெங்காயத் தோட்டங்கள். கிணற்றுத் தண்ணீரில் வளரும் சின்ன வெங்காயம். பிடுங்கியதும் தாளோடு பிடிபிடியாகக் கட்டிக் காயவிடுவார்கள்.

உரிக்கும்போது நாம் முதலில் எறிவது சிவந்த சருகுத் தோலை. வெங்காயத்துக்கோ அதுதான் முதற் காவல். 1929இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லிங்க், ஏஞ்சல், வாக்கர் ஆகிய மூவர் நிறத்தோல் வெங்காயத்திலிருந்து புரோட்டோகட்டெச்சூயிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1933இல் கட்டெக்கோலும் கிடைத்தது. கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையின் வித்து ஈரத்தோலில் விழுந்தால், தோலிலிருந்து கரைந்துவரும் இந்தப் பொருள்கள் அதை முளைக்க விடுவதில்லை. வெள்ளை வெங்காயத்தின் தோலில் இவை இல்லாததால் அதன்மேல் இந்தப் பூஞ்சையின் கரும்படலம் எளிதில் படர்கிறது. செத்துக் காய்ந்த தோல் உயிருள்ள குமிழைக் காப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

தோலைத் தாண்டி உள்ளே காயம் பட்டாலும் வெங்காயம் சும்மா இருப்பதில்லை. கலத்துக்குள் கந்தகச் சேர்மம் ஓரிடத்திலும் அல்லினேஸ் என்ற நொதியம் வேறிடத்திலும் இருக்கின்றன. கலம் உடைந்த கணமே இரண்டும் கலந்து, கிருமிகளை ஒடுக்கும் காரப் பொருள்கள் பிறக்கின்றன. அரியும்போது நம் கண்ணை எரிப்பதும் இந்தக் கலப்பில் பிறக்கும் ஆவிதான்.

இவ்வளவு இருந்தும் பச்சைத் தாளுக்குச் சருகு இல்லையே! அதே கொலெட்டோட்ரைக்கத்தின் வேறு இனங்கள் தாளைப் பிடித்து முறுக்கிச் சுருட்டிவிடும். மழைத்துளி தெறிக்கத் தெறிக்க வித்து பரவும். “ஒரு மழையோட பாத்தி முழுக்கச் சுருண்டுபோச்சு, தம்பி” என்று ஒரு தோட்டக்கார ஐயா சொன்னபோது அவர் குரல் கம்மியிருந்தது. குமிழின் தோலும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. கரும்பூசணம் அதற்கடியிலேயே படரும்.

நோய் கண்டபின் மருந்தடிப்பதையே நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் குமிழாகவே நடுகிறோம். நோயும் குமிழோடு அடுத்த போகத்துக்குப் போய்விடும். ஆகவே தாள் முறுகிய பாத்தியிலிருந்து விதை வெங்காயம் எடுக்காதீர்கள். கழுத்து நன்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள். தோல் உரிந்ததையும் அடிபட்டதையும் கறிக்கு ஒதுக்கிவிட்டு, முழுத்தோல் உள்ளதை மட்டும் விதைக்கு வையுங்கள்.