வேலியும் பயிரும்

எங்கள் ஊர் காரைக்குடி. ஆற்றுவளம் குறைந்த செட்டிநாட்டில் மழைநீரே பெருஞ்செல்வம். ஆதலின், எம் முன்னோர் வீட்டின் நடுவே வளவு அமைத்து, ஓட்டுக் கூரையினின்று வழியும் நீரை அண்டாக்களிலும் கிடாரங்களிலும் பிடித்து வைத்தனர். மூடாத பாத்திரத்தில் பகையும் வளரும் என்பதை 2006ஆம் ஆண்டில் உணர்ந்தோம். தேங்கிய நன்னீரில் ஏடிஸ் கொசு பெருகிற்று. தமிழகத்தின் பல மாவட்டங்களில் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சல் எங்கள் தெருவிற்கும் வந்தது.

அக்காய்ச்சல் என் அப்பச்சியையும் பற்றிற்று. சில நாளில் காய்ச்சல் தணிந்தது. மூட்டுவலி மட்டும் எஞ்சியது. இரண்டு வாரம் சென்றபின் ஒருநாள் காலையில், "பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது, அப்பா" என்றார். மாலையில் அவரால் வளவுப் படியில் ஏற இயலவில்லை. "காய்ச்சல் விட்ட களைப்புத்தான், அப்பச்சி, தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்றேன். என் பேதைமையால் ஓர் இரவு வீணாயிற்று. விடியற்காலையில் கால்கள் அசையவில்லை, கைகளும் தளர்ந்தன. மூச்சு வாங்குகிறது என்று அவர் சொன்ன பிறகே மதுரைக்கு விரைந்தோம்.

மருத்துவர் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், கால் துள்ளவில்லை. "இது கில்லன் பாரே நோய்" என்றார். 1916இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மூவர், போர்வீரர் இருவரிடம் கண்டு எழுதிய நோய் இது. கிருமி உடலிற் புகுந்தால் அதனை அழிக்க உடலின் காவற்படை எழுகிறது. கிருமியின் ஒரு கூறு நரம்பின் ஒரு கூற்றை ஒத்திருப்பின், அப்படை ஆள் மாறி, நரம்பையோ அதன் உறையையோ தாக்கிவிடும். மூளையின் கட்டளை தசையைச் சேராது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

"சிக்குன்குனியாவா காரணம்?" என்று கேட்டேன். "பின்னர் வந்தமையால் அதுவே காரணம் என்று துணிய இயலாது, ஆயினும் அது தூண்டியிருக்கக்கூடும்" என்றார். அவர் நிதானம் தக்கதே. 2013இல் பிரெஞ்சுப் பாலினீசியத் தீவுகளில் சிகா காய்ச்சல் பரவியபோது இந்நோய் திடீரெனப் பெருகியது. நோயுற்றாரையும் உறாதாரையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே இரண்டிற்கும் உள்ள தொடர்பை அறிஞர் உரைத்தனர். காய்ச்சலுற்றாருள் மிகச் சிலருக்கே இது நேர்கிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

பலர் ஈந்த குருதியினின்று பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை ஐந்து நாள் அப்பச்சிக்குச் செலுத்தினர். ஆறு திங்களில் அவர் கோலூன்றி நடந்தார். முகமறியா அந்நல்லோர்க்கு நாங்கள் கடன்பட்டோம்.

இன்றும் எங்கள் வளவில் மழைநீர் பிடிக்கிறோம். ஆனால் அண்டாவை மூடி வைக்கிறோம். காய்ச்சலுக்குப்பின் எவரேனும் கால் தளர்கிறது என்றால், தைலம் தேடி நிற்பதில்லை. உடனே வண்டியைப் பூட்டாத குறையாக மருத்துவமனைக்கு ஓடுகிறோம்.