கெரவாவில் இறங்க வேண்டும்

ஹெல்சிங்கியின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பாதை, 1862-ஆம் ஆண்டில் ஹமீன்லின்னா நகரம் வரையில் திறக்கப்பட்ட, ஃபின்லாந்து தேசத்தின் முதல் இருப்புப்பாதையாகும். சங்கீதத்தில் அபிமானம் கொண்டு அந்தத் தேசத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்பாதையில் பிரயாணம் செய்து யார்வென்பா என்ற ஊரில் இறங்கி, ழான் சிபேலியஸ் என்னும் மகா வித்வான் 1904 முதல் 1957-இல் காலமாகும் வரையில் வாழ்ந்திருந்த ஐனோலா என்ற மரவீட்டைத் தரிசித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். யார்வென்பாவுக்குச் சுமார் 8 கிலோமீட்டர் முன்னதாகவே கெரவா என்று ஒரு ஸ்டேஷன் வருகிறது. அங்கே சங்கீதத்தை முன்னிட்டு இறங்குகிறவர் மிகச் சிலர். ஆனால் 1985-இல் அவ்வூர்ப் பள்ளிக்கூட வாலிபர்கள் தொடங்கிய ஸ்டோன் என்ற வாத்திய கோஷ்டிதான், ஃபின்லாந்து இன்று உலகமெங்கும் எந்தச் சங்கீதத்துக்காகப் பேர் பெற்றிருக்கிறதோ அந்த மெட்டல் சங்கீதத்தின் வேகமான கிளைக்கு அந்நாட்டில் வேர் பிடித்துக் கொடுத்தது என்று நான் திடமாக நம்புகிறவனாதலால், ஐனோலாவுக்கு ஒதுக்கிய பொழுதைவிட அதிகப் பொழுதைக் கெரவாவுக்கு ஒதுக்கினேன்.

இரண்டு தலங்களையும் ஒரே பிரயாணத்தில் பார்ப்பது நல்லது. ஐனோலாவில் சிபேலியஸ் இருந்தவரையில் தண்ணீர்க் குழாய் போடப்படவில்லை. குழாயில் நீர் ஓடும் ஓசைகூடத் தம் மனத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் நாதத்தைக் கலைத்துவிடும் என்று அவர் கருதியதால், குடும்பத்தினர் கிணற்று நீரையே சுமந்து வந்து புழங்கினார்கள். அப்படிப்பட்ட நிசப்த நியமம் நிலவிய வீட்டிலிருந்து ஒரு மணி நேர சைக்கிள் தூரம்கூட இல்லாத ஊரில், அரை நூற்றாண்டுக்குள்ளாக, ஆம்ப்ளிஃபையரின் முழுச் சக்தியையும் திறந்துவிட்டு வாசிக்கும் வாலிபர்கள் தோன்றினார்கள் என்பதைப் பார்க்கும்போது சிலருக்கு வருத்தம் தோன்றலாம். எனக்குத் தோன்றியது சந்தோஷமே. தன் காதில் விழும் ஒவ்வோர் ஒலியும் தான் விரும்பிய இடத்தில், விரும்பிய அளவில்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இரு தரப்பிலும் ஒன்றாகவே இருப்பதை, ஸ்டோனின் முதல் ஆல்பத்தைப் பொறுமையாகக் கேட்கும் எவரும் உணர்ந்துகொள்ள முடியும்.

ஹெல்சிங்கியிலிருந்து அரை மணி நேரப் பிரயாணம். செப்டம்பர் மாதத்தின் பிற்பகுதியாதலால், பாதையின் இருபுறமும் பூர்ஜ மரங்கள் மஞ்சள் பூத்து நின்றன. கெரவா பெரிய ஊரன்று. சுமார் 38,000 ஜனங்கள் வாழும் இவ்வூர், 1924-இல் தூசுலாவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆட்சி பெற்று, 1970-இல் நகர அந்தஸ்தை அடைந்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் அடுக்குமாடி வீடுகளும், கடைகளும், கல் பாவிய நடைபாதைத் தெருவும், அதில் அவசரமில்லாமல் நடக்கிற முதியவர்களும் கண்ணில் படுவார்கள். ஊரின் சின்னத்தில் சிங்கமோ வாளோ இல்லை. இரண்டு பலகைகளின் பல்முனைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பிணைந்து நிற்கிற ஒரு மரவேலை இணைப்பைத்தான் அதில் தீட்டியிருக்கிறார்கள். தச்சுத் தொழிலால் வளர்ந்த ஊர் இது. இல்மாரி தாபியோவாரா என்ற புகழ்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர், ஹெல்சிங்கி மாணவர் விடுதி ஒன்றுக்காக 1946-இல் வகுத்த டோமுஸ் நாற்காலி, இவ்வூர்த் தொழிற்சாலையிலேதான் உற்பத்தியாயிற்று. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வளைத்த பலகையின் விளிம்பு முழங்கைக்கு வந்து சேரும் இடத்தை எத்தனை முறை அளந்து அறுத்திருப்பார்கள் என்ற எண்ணமே அதில் உட்காருகிறவனுக்கு முதலில் எழுகிறது.

இந்த ஊரில், யானே யோட்சென்னியெமி, யிரி யல்கனென் என்ற நண்பர்கள் 1985-இல் ஒரு கோஷ்டியைத் தொடங்கி, அதற்குக் கிராஸ் ஆஃப் அயர்ன் என்று பெயரிட்டார்கள். யோட்சென்னியெமி பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவார். யல்கனென் கிடார் வாசிப்பார். ரோபெ லாத்வலா என்ற இன்னொரு கிடார் வாத்தியக்காரரும், பெக்கா கசாரி என்ற டிரம்ஸ் வாத்தியக்காரரும் சேர்ந்ததும் கோஷ்டி நிறைவு பெற்று, பெயரும் ஸ்டோன் என்று மாறியது. லாத்வலா 1970-இல் பிறந்தவர் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், இவர்கள் எந்தப் பிராயத்தில் எந்தக் காரியத்தை மேற்கொண்டார்கள் என்பது விளங்கும்.

அந்நாளைய சூழ்நிலையைச் சற்றுச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மெட்டாலிக்காவும் ஸ்லேயரும் தத்தம் முதல் ஆல்பங்களை 1983-இல்தான் வெளியிட்டிருந்தன. மோட்டர்ஹெட் போன்ற ஆங்கிலக் கோஷ்டிகள் காட்டிய வேகத்தை எடுத்து, அதைப் பல மடங்கு இறுக்கி, ஸ்வரங்களுக்கு இடையில் மயிரிழை இடைவெளியும் சிந்தாமல் வாசிக்கிற இந்த நூதன சம்பிரதாயம், அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி வடக்கு ஐரோப்பாவின் ஓரத்துக்கு வந்து சேர்வதற்கு இறக்குமதி இசைத்தட்டுகளும், கைக்குக் கை மாறிப் பிரதி எடுக்கப்பட்ட காஸெட்டுகளும், பத்திரிகை விமர்சனங்களுமே வழியாக இருந்தன. ஃபின்லாந்தில் வர்த்தக வானொலி நிலையங்கள் அனுமதிக்கப்பட்டதே 1985-இல்தான். ஹெல்சிங்கியின் ராடியோ சிட்டி அவ்வாண்டில் ஒலிபரப்பைத் தொடங்கிய இடமோ, பழைய வர்ணக் கிடங்காயிருந்து, பிறகு வீடற்றவர்களின் புகலிடமாகி, 1979-இல் வாலிபர்களால் கைப்பற்றப்பட்டுச் சங்கீதக் கூடமாக மாறிய லெபக்கோ என்ற கட்டடம். அதை 1999-இல் இடித்துவிட்டார்கள். அது இருந்த ரூஹோலஹ்தி பகுதியில் இப்போது கண்ணாடிச் சுவர்க் காரியாலயங்கள் நிற்கின்றன; அவற்றுக்கு நடுவே நின்றபோது, ஒரு பெருநகரம் தன் சங்கீத சரித்திரத்தின் ஒரு முக்கிய மூலையை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டாமே என்ற ஆதங்கம் எனக்கு மேலிட்டது.

ஆயினும் அந்தத் தேசம் வாலிபர்களுக்குச் செய்து வைத்திருந்த உபகாரங்கள் அதைவிடப் பெரியவை. 1960-களின் இறுதியிலேயே சங்கீதப் பள்ளிகளுக்கு அரசாங்க மானியம் தரும் சட்டம் வந்துவிட்டது. நூல் நிலையங்கள் புத்தகங்களைப் போலவே இசைத்தட்டுகளையும் இரவல் தந்தன. ஊராட்சிகள் இளைஞர் இல்லங்களை நடத்தின. இவற்றோடு, வெளியூர்க்காரர்கள் அறியாத ஒரு விசேஷமும் உண்டு. பெரிய கட்டடங்களில் யுத்த காலத்துக்கான தற்காப்பு நிலவறை அமைப்பது ஃபின்லாந்தில் சட்டப்படி கட்டாயம். சமாதான காலத்தில் அவை தட்டுமுட்டுச் சாமான் அறைகளாகவும் உடற்பயிற்சிக் கூடங்களாகவும் பயன்படுவதுபோலவே, வாத்திய கோஷ்டிகள் சாதகம் செய்கிற இடங்களாகவும் பயன்படுகின்றன. வெடிகுண்டு வெளியிலிருந்து உள்ளே வராதபடி கட்டிய சுவர், உள்ளிருக்கும் ஓசை வெளியே போகாதபடியும் காப்பது, வாலிபர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒருங்கே கிடைத்த பாக்கியம்.

அத்தகைய நிலவறை ஒன்றைப் பார்க்கும் சந்தர்ப்பம் ஹெல்சிங்கியின் கல்லியோ பகுதியில் எனக்கு வாய்த்தது. பழைய பாணியில் வேக மெட்டல் வாசிக்கிற ஒரு கல்லூரி மாணவர் அழைத்துச் சென்றார். இரு கைகளாலும் இழுத்தாலொழிய அசையாத இரும்புக் கதவு. உள்ளே ஈரச் சிமெண்டு வாடை. தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட பழைய கம்பளங்கள். சுவரோரமாக, மூலைகள் நைந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள். ஸ்டோனின் முதல் ஆல்பத்திலுள்ள நோ கமாண்ட்ஸ் என்ற பாட்டை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன்.

“முதலில் மெதுவாக வாசிக்கிறேன். வேகமாக வாசித்தால் நீங்கள் கையைப் பார்க்க மாட்டீர்கள், சத்தத்தைத்தான் கேட்பீர்கள்” என்றார்.

மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைக் குறைந்த காலத்தில் வைத்துக்கொண்டு அவர் தொடங்கினார். வலது உள்ளங்கையின் விளிம்பு, தந்திகள் வந்து முடிகிற பிரிட்ஜின்மேல் பட்டும் படாமலும் அமர்ந்திருந்தது. அதைச் சிறிது அழுத்தினால் ஒலி செத்துவிடும். சிறிது தூக்கினால் தந்தி கட்டுக்கடங்காமல் அலறும். இரண்டுக்கும் இடையே ஒரு நெல்லின் அகலமே இருக்கும் இடத்தில் கையை நிறுத்தினால்தான், அடித் தந்தி அழுத்தமாகவும் சுருக்கமாகவும் பேசுகிறது. தந்தியை மீட்டும் பிக்கைப் பிடித்திருந்த இரு விரல்களும் அசையவில்லை. மணிக்கட்டு மட்டும் கீழும் மேலுமாக ஒரே அளவில் சென்று வந்தது. பிறகு காலத்தைப் படிப்படியாக ஏற்றினார். நிமிடத்துக்கு 200 அடிகள், ஓர் அடிக்கு நான்கு ஸ்வரங்கள் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்குப் 13 ஸ்வரங்களுக்கு மேலாகிறது. அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஆவேசம் ஏதும் இல்லை, தோள்கள் தளர்ந்திருந்தன, கண்கள் மட்டும் மணிக்கட்டைவிட்டு அகலவில்லை.

“தோள் இறுகினால் முடிந்தது, பத்து நிமிடத்தில் கை நின்றுவிடும்” என்று சொல்லிக்கொண்டே வாத்தியத்தைக் கீழே வைத்தார்.

இந்தச் சங்கீதத்தைக் கோபத்தின் வெளிப்பாடு என்று எழுதுகிறவர்கள் அநேகர். கோபம் பாட்டின் பொருளில் இருக்கலாம். கைக்கு அது உதவாது. கெரவா வாலிபர்களின் பூர்வாங்க வருஷங்களை நான் மிகவும் மதிப்பதற்குக் காரணம், இரண்டு கிடார்கள், ஒரு பேஸ், இரட்டை மிதி போட்ட டிரம்ஸ் ஆகிய நான்கும் இவ்வளவு துரித காலத்தில் பிசகாமல் சேர்ந்து நிற்க வேண்டுமானால், எத்தனையோ மாலைப் பொழுதுகளை மெதுவான காலத்திலேயே கழித்திருக்க வேண்டும் என்பதுதான். டிசம்பரில் ஒன்பது மணிக்குமேல் உதித்து மூன்று மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்துவிடுகிற தேசத்தில் அத்தகைய மாலைகளுக்குக் குறைவில்லை.

1987-இல் ரியல் டெல்யூஷன் என்ற முதல் சிறு இசைத்தட்டு வெளிவந்தது. அடுத்த வருஷம், கோஷ்டியின் பெயரையே தாங்கிய முதல் ஆல்பம் வெளிவந்தபோது லாத்வலாவுக்கு 18 வயதை ஒட்டியிருந்தது. அந்த ஆல்பத்தில் குறையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டுக்குப் பாட்டு சஞ்சாரங்கள் நெருங்கி வருகின்றன. குரலுக்கு இன்னும் தனி நிறம் அமையவில்லை. ஆனால் ரிஃப் என்னும், திரும்பத் திரும்ப வரும் சிறு சஞ்சாரங்களில் ஒரு கிடார் விட்ட இடத்தை மற்றொன்று எடுத்துக்கொள்ளும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஊர்ச் சின்னத்தில் தீட்டியிருக்கிற அந்தப் பலகை இணைப்பை நாதத்தில் கேட்பதுபோல் இருக்கிறது. அதுவரையில் ஃபின்லாந்தில் ஹெவி மெட்டல் இல்லாமலில்லை; குவோப்பியோ ஊரின் டாரோட் கோஷ்டி 1986-இலேயே தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. வேகத்தையும் செய்நேர்த்தியையும் இந்த அளவில் ஒன்றாக்கிக் காட்டியது ஸ்டோன்.

1989-இல் நோ அனஸ்தீஷியா என்ற இரண்டாவது ஆல்பமும், 1990-இல் கலர்ஸ் என்ற மூன்றாவதும், 1991-இல் எமோஷனல் பிளேகிரவுண்ட் என்ற நான்காவதும் வந்தன. இதற்கிடையில் யல்கனென் விலக, அவர் இடத்தில் மார்க்கு நீரனென் சேர்ந்தார். கோஷ்டி 1991-இல் கலைந்தது. கச்சேரிப் பதிவான ஃப்ரீ 1992-இல் வெளிவந்தபோது ஸ்டோன் இல்லை. பின்னர் 2008-இல் ஒன்றுகூடி வாசித்ததும், 2013-இல் ஹெல்சிங்கியின் டுஸ்கா விழாவில் மேடையேறியதும் அபிமானிகள் அறிந்தவை.

கலைந்த பிறகு விளைந்த விளைவுகளே அதிகம். கசாரி 1996 முதல் 2002 வரையில் அமார்ஃபிஸ் கோஷ்டியில் டிரம்ஸ் வாசித்தார். எஸ்போ நகரத்தில் அலெக்ஸி லைஹோ என்ற வாலிபர் 1990-களில் நடத்திய சில்ட்ரன் ஆஃப் போடம், நோ கமாண்ட்ஸ் பாட்டைத் தானும் பதிவு செய்து வெளியிட்டது. 2003-இல் லாத்வலாவே அக்கோஷ்டியில் சேர்ந்து, தம் பாட்டை வாசித்து வளர்ந்தவருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷ காலம் நின்று வாசித்தார். கெரவாவின் பழைய மாலைகளில் பழகிய மணிக்கட்டை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்கள் கண்டுகொண்டது இவ்வழியாகத்தான். லைஹோ 2020-இல் இளம் பிராயத்திலேயே காலமானார். நல்ல வித்வானை இழந்தோம்.

திரும்பும் வழியில் ஹெல்சிங்கியில், 2018-இல் திறக்கப்பட்ட ஓடி நூல் நிலையத்துக்குச் சென்றேன். கிடாரும் டிரம்ஸும் வைத்த பதிவு அறைகளைப் பொதுஜனங்கள் கட்டணமின்றி முன்பதிவு செய்துகொண்டு வாசிக்கலாம். கண்ணாடிக்கு அப்பால் பள்ளிக்கூடப் பையை இன்னும் தோளிலிருந்து கழற்றாத சிறுவர்கள் இருவர், எவரும் கேட்காதபோதும் ஒரே ரிஃபைத் திரும்பத் திரும்ப மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்டோனின் ஆல்பங்களை வரிசைக் கிரமமாகக் கேட்டேன். விமர்சகர்கள் பலர் கலர்ஸையே பக்குவமான படைப்பு என்கிறார்கள்; அதில் நிதானமும் பாட்டுக் கட்டுமானமும் கூடியிருப்பது உண்மைதான். என்னைக் கேட்டால், இரண்டாவது ஆல்பத்தையே முதலில் எடுப்பேன். முதல் ஆல்பத்தின் வேகம் அதில் குறையவில்லை, மூன்றாவதன் நிதானம் இன்னும் வந்து சேரவில்லை. பேக் டு தி ஸ்டோன் ஏஜ் என்ற பாட்டில் நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு ஓடுவது தெளிவாகத் தெரிகிறது. அதைக் கேட்டுவிட்டு முதல் ஆல்பத்துக்குப் போகிறவர்களுக்கு, அந்த ஓட்டம் எங்கே பழகப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.