கணக்கில் வராத ஓட்டம்

ஜாவாவில் டெஸ்ட் எழுதிப் பிழைப்பவன் நான். யூனிட் டெஸ்ட், கோடைத் துண்டு துண்டாகச் சோதிக்கும். நான் எழுதுவது இன்டக்ரேஷன் டெஸ்ட்: சர்வர், டேட்டாபேஸ் எல்லாத்தையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்க்கிறது. மாசக்கணக்கா எழுதினோம். எந்தெந்த வரி ஓடிச்சுன்னு காட்டுற கவரேஜ் ரிப்போர்ட்டில் எங்க பங்கு 0 சதம். 'அப்ப இந்த டீம் எதுக்கு?' என்றார் மேலாளர்.

கணக்கெடுக்கிற ஜாகோகோ ஏஜென்ட், தான் ஒட்டிக்கொண்ட ஜேவிஎம்மில் ஓடும் வரிகளை மட்டுமே குறிக்கும். மேவன் பில்டில் யூனிட் டெஸ்ட்டை ஷ்யூர்ஃபயர் ஓட்டும். எங்க டெஸ்ட்டை ஃபெயில்சேஃப் ஓட்டும். ஆனா எங்க சர்வர் ஓடினது தனி ஜேவிஎம்மில். அங்கே ஏஜென்ட்டை யாரும் வைக்கல. வேலை நடந்த இடத்தில் கணக்கெழுத ஆளில்லை. அதனால வேலையே நடக்கலைன்னு தீர்ப்பு.

சர்வரைக் கிளப்பும்போதே 'ஜாவாஏஜென்ட்' ஆப்ஷனைக் கொடுத்தோம். டெஸ்ட் முடிந்ததும் முறையா மூடினோம். ஜேவிஎம் மூடும்போதுதான் ஏஜென்ட் தன் குறிப்பை ஃபைலில் எழுதும். வலுக்கட்டாயமாகக் கொன்றால் எழுதாது. அந்த ஃபைலை வைத்து 'வெரிஃபை' கட்டத்தில் ரிப்போர்ட் எடுத்தோம். ஓடின கிளாஸ் ஃபைலும் ரிப்போர்ட்டுக்குக் கொடுக்கிற கிளாஸ் ஃபைலும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா திரும்பவும் சுழியம்தான்.

சிவப்பு வரிகள் பச்சையாயின. 'பொழைச்சோம்ண்ணே' என்றாள் கூட வேலைபார்க்கும் தங்கச்சி.

'பச்சைன்னா அந்த வரி ஓடிச்சுன்னுதாம்மா அர்த்தம். சரியா ஓடிச்சான்னு டெஸ்ட்தான் கேக்கணும்' என்றேன்.

சுழியத்தைப் பார்த்ததும் ஆளைக் குறைக்கக் கிளம்புறவங்களுக்கு ஒண்ணு சொல்வேன்: கணக்கை எங்கே உட்கார்ந்து எடுத்தாங்கன்னு முதல்ல கேளுங்க.