அம்மாயி குரலுக்கு ஒரு பொத்தான்

ஒரம்பரை என்றால் உறவினர். பொடக்காலி, புழக்கடை. வெசனம், கவலை. ராசிபுரம் பக்கம் எங்கள் அம்மாயி பேசும் சொற்களைத் தொகுத்து, குடும்பத்துக்காக ஒரு வலைப்பக்கம் செய்தேன். பொருளை எழுதிவிடலாம், "ஏனுங் கண்ணு" என்று அவர் இழுக்கும் இழுப்பை எப்படி எழுதுவது? சிட்னியில் வளரும் அக்கா மகளுக்குத் தமிழ் படிக்கவும் தெரியாது.

முன்பு வலைப்பக்கத்தில் ஒலி சேர்க்க ஃப்ளாஷ் போன்ற தனி மென்பொருள் தேவைப்பட்டது. 2014-ல் முழு வடிவம் பெற்ற ஹெச்டிஎம்எல்5-ல் 'ஆடியோ' என்ற குறியீடே போதும். போனில் பதிந்த குரலை எம்பி3 கோப்பாக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தேன். தொட்டால் குரலை ஒலிக்கச் சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஐந்தாறு வரிதான்.

பக்கம் திறந்ததும் குரல் தானாகவே வரட்டும் என்றாள் என் மகள். 2018 முதல் குரோம் பெரும்பாலும் அதற்கு விடுவதில்லை. பார்ப்பவர் தொட வேண்டும். அதுவும் நல்லதுதான். அம்மாயியும் கூப்பிட்டால்தான் பேசுவார்.

இப்போது அவருக்கு 88 வயது. பக்கவாதம் வந்த பிறகு பேச்சு குழறுகிறது. அதற்குள் நாற்பது சொற்கள் பதிந்திருந்தோம். அக்கா மகள் தினமும் ஒன்றைத் தொட்டுக் கேட்டு, அதே இழுப்போடு சொல்லிப் பார்க்கிறாளாம்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்களா? நிரல் எழுதுவதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். குரலை இன்றைக்கே பதிந்து வையுங்கள்.