வாசலில் ஒரு வாளித் தண்ணீர்

ராஜபாளையத்தில் எங்கள் சிறுவயதுத் தீபாவளி இரண்டு நாள். முதல் நாள் வெடிப்பது. மறுநாள் விடிந்ததும் தெருக் குப்பையில் வெடிக்காமல் கிடப்பவற்றைப் பொறுக்குவது. அவற்றை ஒடித்து, மருந்தைப் பழைய காகிதத்தில் கொட்டி, ஓரத்தில் தீ வைப்போம். ஒரு வருஷம் காகிதம் சரியாகப் பற்றவில்லை என்று என் தம்பி குனிந்து ஊதினான். குப்பென்று கிளம்பிய தீயில் புருவம் பொசுங்கிப்போனது. வலது உள்ளங்கையில் தோல் வழன்றுவிட்டது. பொங்கல் வரைக்கும் அம்மாதான் அவனுக்குச் சோறு ஊட்டினாள்.

அடுத்த தீபாவளியிலிருந்து அப்பா ஒரு வேலையை ஏற்றுக்கொண்டார். இரவு படுக்கப்போகும் முன் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வெடிக் குப்பையில் ஊற்றுவார். எங்கள் வாசலில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து வாசல்களிலும். அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

இன்று உத்தரவுகள் நிறைய. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. 2018-இல் தீபாவளிக்கு இரண்டே மணி நேரம் என்றது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. எங்கள் மாவட்டத்தில் இது வெறும் பேப்பர் செய்தி இல்லை. சிவகாசி கூப்பிடு தூரம். விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் ஜனங்கள். சரம் பின்னியே பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களின் கூலியில்தான் அந்தத் தடை முதலில் விழுந்தது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடித்து நாற்பது பேர் அளவில் மாண்டதையும் இதே ஊர்கள்தான் பார்த்தன. ஆகவே கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நாமே பார்த்து நடந்திருந்தால் நமக்காக நீதிமன்றம் கடிகாரம் பார்க்க நேர்ந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த 2018 தீபாவளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில் இருந்தேன். ஒட்டு வீடுகள், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை. இரவு ஏழு அடித்ததும் எதிர்வீட்டுப் பையன் அணுகுண்டை அந்த ஜன்னலுக்கு நேராக வைத்தான்.

"தம்பி, உள்ளே பச்சைப்பிள்ளை இருக்கு" என்றேன்.

"இது கவர்மெண்டே கொடுத்த நேரம்தானே தாத்தா?"

அவன் சொன்னது சட்டப்படி சரி. அந்த வீட்டில் தொட்டில் கட்டியிருப்பது எந்த அரசாணைக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியும். அவனைக் கூட்டிப்போய்த் தொட்டிலைக் காட்டினேன். தூக்கத்தில் குழந்தையின் விரல்கள் விரிந்து மூடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒன்றும் பேசாமல் வெடிகளை அள்ளிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டான். நல்ல பையன். அதுவரை அவனிடம் நேரத்தைச் சொல்லியிருக்கிறார்களே தவிர, பக்கத்து வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

இந்த வருஷம் திரியில் நெருப்பு வைக்கும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ராத்திரி படுக்கும் முன் வாசல் குப்பையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். விடிந்ததும் பொறுக்க வருகிற பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு வயசுதான் இருக்கும்.