சுவான்சௌ நகரத்துக் கற்கள்

தென்சீனத்தின் பூஜியன் மாகாணத்திலே கடலோரமாக அமைந்த சுவான்சௌ நகரைச் சில நாட்கள் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மார்க்கோ போலோ சைத்தூன் எனக் குறிப்பிட்ட துறைமுகம் இதுவே. சொங், யுவான் வம்ச காலங்களில் உலகின் பெருந்துறைகளுள் ஒன்றாக விளங்கிய இந்நகரின் சின்னங்களை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

நகரின் நடுவிலுள்ள கையுவான் பௌத்த ஆலயம் 686இல் நிறுவப்பட்டது. அதன் முன்றலில் நிற்கும் இரு கற்கோபுரங்களும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டவை. உல்லாசப் பிரயாணிகள் கூடுவது அங்கேதான். நானோ பிரதான மண்டபத்தின் பின்தாழ்வாரத்திலேயே நெடுநேரம் நின்றேன். அங்குள்ள இரு தூண்களிலே நரசிங்கம் இரணியனைப் பிளக்கிறது. கண்ணன் மருத மரங்களின் நடுவே நிற்கிறான். அழிந்துபோன இந்துக் கோயிலொன்றின் தூண்களை மிங் காலத்துத் திருப்பணியின்போது இங்கே கொணர்ந்து நிறுத்தினர். என்னருகே மூதாட்டி ஒருத்தி ஊதுபத்தி ஏந்தி மும்முறை தலைதாழ்த்தினாள். அவளது பக்திக்கு அந்தச் சிற்பங்கள் எவ்வித இடையூறும் செய்யவில்லை.

இந்நகரிலே ஒரு தமிழ்ச் சாசனமும் கண்டெடுக்கப்பட்டது. சகம் 1203, அதாவது கி.பி. 1281இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் பர்மான்படி, அவனது உடல் நலத்துக்காகத் திருக்கடலீச்சுரத்து இறைவனை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. இதைக் கேட்டதும் எம்மவருட் சிலருக்கு மார்பு விம்மும். தமிழன் சீனத்திலும் கொடி நாட்டினான் என்று மேடையேறிப் பேசவும் துணிவர். கல் சொல்வது அதுவன்று. அந்நிய மண்ணிலே, மொங்கோலியப் பேரரசனின் அனுமதி பெற்று, அவனுக்காக வேண்டிக்கொண்டு வாழ்ந்த ஒரு சிறு சமூகத்தையே அது காட்டுகிறது. வணிகம் அவர்களை அங்கே கொண்டு சென்றது, வாளன்று.

அந்த வணிகத்தின் சுமையைத் தாங்கியவர் யார்? ஆலய வளவிலேயே பழைய மரக்கலமொன்றின் எச்சம் வைக்கப்பட்டுள்ளது. சொங் காலத்ததான அது 1974இல் கடற்சேற்றிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டது. பதின்மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்ட அதன் வயிற்றிலே வாசனை மரமும் மிளகும் கிடந்தன. சரக்குக்கு உரியவர்களின் பெயர் தீட்டிய மரச்சீட்டுகளும் கிடைத்தன. உடைமையாளனின் பெயர் சேற்றுக்குள்ளும் பிழைத்தது. பாய் இழுத்தவன் பெயர், மூட்டை சுமந்தவன் பெயர் ஒன்றேனும் எஞ்சவில்லை.

லோயாங் பாலத்திலும் இதே கதைதான். 1053 முதல் 1059 வரை, ஆற்றுமுகத்தின் அலையையும் வற்றையும் எதிர்த்து அது கட்டப்பட்டது. தூண்களின் அடியிலே கடற்சிப்பிகளை வளர்த்து, அவற்றின் பிடிப்பினாலேயே கற்களை இறுகச் செய்தனர். நகரத்து அதிகாரியான சாய் சியாங்குக்கு அங்கே சிலையுண்டு. இடுப்பளவு சேற்றிலே நின்று கல் அடுக்கியவர்களுக்குப் பாலமே சிலை.

பல மதத்தார் கூடி வாழ்ந்த இந்நகரின் வாழ்வு இரத்தத்தில் முடிந்தது. யுவான் ஆட்சி தளர்ந்த வேளையில், 1357இல், அந்நியப் படையினர் கிளர்ந்தெழுந்தனர். 1366இல் அக்கலகம் அடக்கப்பட்டபோது, கலகத்தில் பங்கேற்றோர் மட்டுமன்றி அந்நியர் என்ற அடையாளமுடைய பலரும் கொல்லப்பட்டனர். 1983 ஜூலையை அறிந்த எமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இடிந்த கோயில்களின் கற்கள் நகர மதிலுக்குள் புகுந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மதில் இடிக்கப்பட்டபோது, அக்கற்களைத் தேடித் திரட்டியவர் ஊ வென்லியாங் என்ற பாடசாலை ஆசிரியர். 1957இல் அவற்றைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். அரசர் எவரும் செய்யாத பணியை ஓர் ஆசிரியர் செய்தார்!

எமது நாட்டிலும் இத்தகைய கல்லொன்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிச் சாசனம் அது. சீனத்திலே புத்தருக்கும், தமிழிலே தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்திலே அல்லாவுக்கும் காணிக்கை கூறுகிறது. அதே செங் ஹோ 1411இல் எமது மண்ணிலே போரிட்டு, அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சென்றான் என்பதையும் மறத்தலாகாது. பேரரசுகள் காணிக்கையுடன் படையையும் கொண்டுவரும். எனினும் மூன்று மொழிக்கும் ஒரு கல்லில் இடமுண்டு என்பதை அச்சாசனம் ஏற்றுக்கொண்டது; 1956இன் மொழிச் சட்டம் அதை மறுத்தது. அந்தக் கல்லோ 1911இல் காலி நகரிலே ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோதே கண்டுபிடிக்கப்பட்டது.

இன்று அது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. வகுப்பறையிலே மன்னர்களின் வெற்றிப் பட்டியலை மனனம் செய்விக்கும் ஆசிரியர்கள், ஒருநாளேனும் சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவரை ஒன்றாக அழைத்துச் சென்று அதன் முன்னே நிறுத்தட்டும். அதைச் செதுக்கிய கை யாருடையது என்ற கேள்வியிலிருந்து பாடம் தொடங்கட்டும்.