வீட்டுப் பை, பள்ளிப் பை

ஒன்றாம் வகுப்புச் சுவரில் இரண்டு துணிப்பைகள் தொங்குகின்றன. ஒன்றில் வீட்டுப் படம், மற்றதில் பள்ளிப் படம். காலை உணவு முடித்து, தட்டு கழுவிய ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வருகிற பிள்ளை, தன் பெயர் எழுதிய அட்டையை வீட்டுப் பையிலிருந்து எடுத்துப் பள்ளிப் பையில் போட வேண்டும். கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னத் தொடக்கப்பள்ளியில் வருகைப்பதிவு இப்படித்தான் நடக்கிறது. ஆசிரியர் பதிவேட்டைத் திறப்பது அப்புறம்தான்.

நான் போனது மிளகு பறிக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளுக்கு ஏணி சாத்தியிருந்தார்கள். உதிரும் மணிகளைப் பொறுக்கச் சின்னக் கைகளும் வேண்டியிருந்தன. வீட்டுப் பையில் அட்டைகள் மிஞ்சியிருந்தன.

“யாரெல்லாம் வரலைன்னு பாரு சாமி” என்றார் ஆசிரியர்.

ஒரு சிறுமி அட்டைகளை எடுத்து வாசித்தாள். பாடப்புத்தகத்தில் இரண்டு எழுத்தைக் கூட்டவே திணறுகிறவள், வராத தோழியின் பெயரைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள். தோழி வந்தாளா என்பது அவளுக்கு வேண்டிய சேதி, பாடப்புத்தகத்து ‘படகு’ அப்படியல்ல.

அடுத்தது கதை. தினமும் இதே நேரம், இதே பாய். அரசின் வாசிப்பு இயக்க நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆசிரியர் எடுப்பது ‘நுழை’ கட்டிலிருந்து. பக்கத்துக்கு ஓரிரு வரிதான். புத்தகத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வாசிக்கிறார். திங்களன்று எடுத்த புத்தகம் வெள்ளி வரை மாறாது. எனக்கு அலுப்புத் தட்டியது, பிள்ளைகளுக்குத் தட்டவில்லை. திரும்பத் திரும்ப வரும் வரியை அவருக்கு முன்னால் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வியாழக்கிழமை ஒரு பையன் புத்தகத்தைப் பிடுங்கி, சரியான இடத்தில் பக்கம் புரட்டி, முழுக் கதையையும் ‘படித்தான்’. மனப்பாடம்தான். ஆனால் எந்தச் சொல் எந்தப் படத்துக்குக் கீழே என்பதை அவன் விரல் அறிந்திருந்தது. வாசிப்பு இப்படித்தான் பிடிபடுகிறது என்று நான் நம்புகிறேன்.

இந்த ஆசிரியரின் கைத்தொழில் புத்தகம் கட்டுவது. பழைய மாதக் காலண்டர் தாள்களின் வெற்றுப் பக்கம், கோணி ஊசி, சணல் கயிறு, இவ்வளவுதான் முதலீடு. மாதம் ஒரு புத்தகம். பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவர் பெரிய எழுத்தில் எழுதுகிறார், படம் அவர்களுடையது. அந்த மாதப் புத்தகத்தின் பெயர் ‘எங்கள் காலை’. கோழி திறந்துவிடுவது, அடுப்பருகே குளிர்காய்வது, பனிமூட்டத்தில் அண்ணனின் பையைப் பிடித்தபடி நடப்பது. பள்ளியில் காலையில் தரும் பொங்கலுக்கு மட்டும் மூன்று பக்கம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இங்கே இலக்கியத்திலும் இடம்பிடித்துவிட்டது.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன் வார்னர் இதைத்தான் செய்தார். அயல்நாட்டு வாசிப்பு நூல்கள் ஒட்டாததால், ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு அட்டையில் எழுதிக் கொடுத்தார். கையாலேயே புத்தகங்களும் செய்தார். 1963இல் வந்த ‘டீச்சர்’ என்ற நூலில் அதைச் சொல்கிறார். இங்குள்ள ஆசிரியர் அதைப் படித்ததில்லை. “பசங்க அவங்க சங்கதின்னா உக்காந்து கேக்குறாங்க சார்” என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பாடல், கதை என்று களங்கள் பிரித்து இப்படிப்பட்ட கதை நேரத்துக்கு வழிவிட்டிருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரிக்கவும் செய்கிறது. நிலை பிரிப்பதில் தவறில்லை. அதைப் பதிவேற்றுவதற்குக் கதை நேரத்தைத் தின்னக் கொடுப்பதுதான் தவறு. நான் இருந்த ஒரு காலையில் கைப்பேசிக்கு சிக்னல் தேடி அவர் முற்றத்தில் நின்றபோது, பாய் மீது இருபது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பாய் விரித்தால் கதை உண்டு என்ற நம்பிக்கையை அடிக்கடி குலைத்துவிட்டு, பிறகு எந்தப் புத்தகத்தை நீட்டியும் பயனில்லை.

கட்டிய புத்தகங்கள் கொடிக்கயிற்றில் கவிழ்ந்து தொங்குகின்றன. மதிய இடைவேளையில் இரண்டாம் வகுப்புக்காரர்கள் தங்கள் பழைய புத்தகங்களைத் தேடி வந்துவிடுகிறார்கள். ஒருத்தன் நான்காம் பக்கத்தில் விரலை வைத்து, “இங்க கால் போட மறந்துட்டீங்க டீச்சர்” என்றான். அவர் குனிந்து பார்த்தார். பிறகு மேசையிலிருந்த ஸ்கெட்ச் பேனாவை அவனிடம் கொடுத்தார்.